நாள் தள்ளிப்போனதிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை

பெங்களூரில் ஓர் அரசு மகப்பேறு மருத்துவமனை. ஓபி சீட்டு எழுதும் இடத்தில் நர்ஸ் கன்னடத்தில் வயது கேட்டார். பெண்ணின் அம்மா யோசிக்காமல் "ஹத்தொம்பத்து" என்றார். பத்தொன்பது. ஆதார் கார்டைக் கேட்டதும் அந்த அம்மாவின் கை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது. கார்டிலிருந்த பிறந்த தேதிப்படி பெண்ணுக்குப் பதினாறு வயது எட்டு மாதம். வயிற்றில் ஏழு மாதம்.

நான் கூடப் போனது படிவம் நிரப்பிக் கொடுக்க. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அம்மா மூன்று அபார்ட்மெண்ட்டில் வீட்டு வேலை செய்கிறார், அப்பா சென்ட்ரிங் வேலை. பெண்ணுக்கு ஒரு வாரமாகத் தலைவலி, கால் வீக்கம். செருப்பு நுழையவில்லை என்பதால்தான் அன்றைக்குக் கூட்டி வந்தார்கள். பிரஷர் 150/100. ஹீமோகுளோபின் 7.6. அதுவரை ஒரு ஸ்கேன் கிடையாது, ஒரு இரும்புச்சத்து மாத்திரை கிடையாது.

"இத்தனை மாசம் எங்க இருந்தீங்க?" என்று நர்ஸ் கேட்டார். "பயமா இருந்துச்சு சிஸ்டர்" என்றார் அம்மா.

அந்தப் பயத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். பதின்வயதுக் கர்ப்பம் என்றதும் ஒழுக்கம், செல்போன், வளர்ப்பு என்று பேச்சு போய்விடுகிறது. என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. நாள் தள்ளிப்போனதற்கும் முதன்முதலாக ஒரு டாக்டரைப் பார்ப்பதற்கும் நடுவில் வீணாகும் மாதங்கள்தான் அது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் நேரும் கெடுதலில் பெரும்பங்கு அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

முதலில் அளவு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாவது சுற்று 2019-21இல் நடந்தது. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.8 சதவீதம் பேர் அப்போதே தாயாகிவிட்டவர்கள் அல்லது கர்ப்பமாக இருந்தவர்கள். 2005-06இல் இது 16 சதவீதம். 2015-16இல் 7.9. முதல் பத்து ஆண்டில் பாதியாகக் குறைந்தது, அதன் பிறகு நகரவே சிரமப்படுகிறது. திரிபுராவில் 21.9, மேற்கு வங்கத்தில் 16.4. கர்நாடகத்தில் 7.8இலிருந்து 5.4க்கு இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 5இலிருந்து 6.3க்கு ஏறியிருக்கிறது. நம் மாநிலம் முன்னேறிய மாநிலம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த ஓர் எண்ணையாவது நின்று பார்க்க வேண்டும். நகரங்களில் 3.8, கிராமங்களில் 7.9 என்றும் அந்த ஆய்வு சொல்கிறது. ஆனால் நகரம் என்ற ஒரே சொல்லுக்குள் இந்திராநகர் மாடி வீடும் இருக்கிறது, டி.ஜே. ஹள்ளியில் ஒற்றை அறையில் ஆறு பேர் படுக்கும் வீடும் இருக்கிறது. சராசரியில் இரண்டாவது வீடு காணாமல் போய்விடுகிறது.

விசேஷம் உண்டா?

வெளிநாட்டுச் செய்திகளைப் படித்துப் படித்து, இது கல்யாணம் ஆகாத பெண்களின் பிரச்சினை என்று பலர் எண்ணுகிறார்கள். நம் நாட்டில் இது பெரும்பாலும் தாலி ஏறிய பிறகு நடப்பது. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் என்று அதே ஆய்வு சொல்கிறது. கல்யாணமான மூன்றாம் மாதமே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்கத் தொடங்கிவிடுகிறோம். கேட்பவர்களுக்கு அது பாசம். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அது உத்தரவு. முதல் பிள்ளையைத் தள்ளிப்போட மாத்திரையோ காண்டமோ இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாலும், மாமியார் வீட்டில் அதை வாயெடுத்துச் சொல்ல அவளுக்கு எந்த இடமும் இல்லை.

அந்தக் கல்யாணம் ஏன் நடக்கிறது? பெங்களூரில் நம் ஆட்கள் வாழும் தெருக்களில் மஞ்சள் நீராட்டு விழா இன்னும் பெரிதாகத்தான் நடக்கிறது. பெண்ணுக்குப் பட்டுப்புடவை கட்டி, நகை போட்டு, தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்து, தாய்மாமன் சீர் வரிசையோடு வருவார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் குழந்தை அவள். அந்த விழாவில் அன்பும் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று ஊருக்கே ஒரு சேதி சொல்லியாகிவிட்டது, "எங்கள் வீட்டில் ஒரு பெண் தயாராக இருக்கிறாள்" என்று. மாமன் முறை உள்ளவர்கள் அன்றைக்கே கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் நான்கில் ஒரு கல்யாணத்துக்கும் மேல் சொந்தத்துக்குள்ளேதான் நடக்கிறது. சொந்தம் என்றால் விசாரிக்க வேண்டியதில்லை, காத்திருக்கவும் வேண்டியதில்லை.

அப்புறம் படிப்பு. கட்டாயக் கல்விச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை பிள்ளையைப் பள்ளியில் வைத்திருக்கிறது. கல்யாண வயது 18. நடுவில் இருக்கும் நான்கு வருஷத்துக்கு எந்த வேலியும் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் போய்விட்டால் பெண் வீட்டோடு இருப்பாள். கார்மெண்ட்ஸில் சேர்க்க வயது போதாது. அம்மா காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய்விடுவார். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு பகல் முழுக்கத் தனியாக இருக்கும் பெண்ணை நினைத்து அந்த அம்மாவுக்கு வயிற்றில் நெருப்புதான். "எவன் கூடயாவது ஓடிப்போயிட்டா?" என்ற பயத்தில் வரன் பார்ப்பார். வரன் பார்க்கிறார்கள் என்ற பயத்தில் அவள் ஓடிப்போவாள். இரண்டும் ஒரே முடிச்சின் இரண்டு நுனி. ஒரே வீட்டில் அக்கா ஒரு விதமாகவும் தங்கை இன்னொரு விதமாகவும் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளியில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வருஷமும் இதை எப்படி மாற்றுகிறது என்பதும் ஆய்வில் தெரிகிறது. பள்ளிக்கே போகாத 15-19 வயதுப் பெண்களில் 18 சதவீதம் பேர் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். பன்னிரண்டாவது முடித்தவர்களில் 4 சதவீதம்தான்.

உடம்பு என்ன சொல்கிறது

"எங்க பாட்டி பதினாலு வயசுல பெத்தாங்களே" என்று கேட்பவர்கள் உண்டு. பெற்றார்கள். அதே பாட்டி இறந்துபோன பிள்ளைகளையும் சேர்த்து எண்ணிச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

பதினாறு வயதில் பெண்ணின் உடம்பே இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் சத்து போட்டியாகப் பங்கு போகிறது. நம் நாட்டில் 15-19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பத்துக்கு முன்பே ரத்தம் குறைவாக இருப்பவளுக்குப் பிரசவத்தில் வழக்கமான ரத்தப்போக்கே ஆபத்தாக மாறலாம். இதற்காகத்தான் வளரிளம் பெண்களுக்கு வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். பள்ளியில் கொடுப்பதை வாயில் போட்டு, வெளியே வந்து துப்பிவிடும் பிள்ளைகளும் உண்டு. வயிறு புரட்டுகிறது என்பார்கள். சாப்பிட்ட பிறகு போட்டால் அது குறையும் என்று யாராவது உட்கார்ந்து சொன்னால் போதும்.

அடுத்தது பிரஷர். முதல் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு எப்போதுமே அதிகம். அது முற்றினால் வலிப்பு வரும், பழைய ஆட்கள் பிரசவ ஜன்னி என்பார்கள். 20-24 வயதுப் பெண்களைவிடப் பதின்வயதில் ஜன்னியும் பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் கிருமித் தொற்றும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிள்ளை குறை மாதத்தில் பிறப்பது, இரண்டரைக் கிலோவுக்குக் குறைவாக இருப்பது எல்லாம் இதோடு சேர்ந்தே வரும்.

ஆனால் இவற்றில் பலவற்றைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். கையில் பிரஷர் பட்டை கட்டினால் தெரியும். ஒரு சொட்டு ரத்தத்தில் தெரியும். முதல் மூன்று மாதத்துக்குள் பதிவு செய்து கர்நாடகத்தின் 'தாயி கார்டு' வாங்கிவிட்டால், ஆஷா பணியாளர் வீடு தேடி வருவார், மாதா மாதம் எடையும் பிரஷரும் பார்ப்பார்கள். ஆபத்து அதிகம் என்றால் கார்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அதைப் பார்த்ததும் அடுத்த டாக்டர் கவனமாகிவிடுவார். இவ்வளவு எளிய வேலைதான். அந்தப் பெண்ணின் கார்டு முதல் நாளே சிவப்பு ஸ்டிக்கரோடு பிறந்தது. ஆறு மாதம் யாருமே அவள் கையில் அந்தப் பட்டையைக் கட்டவில்லை.

சட்டம் எங்கே வழிமறிக்கிறது

அந்தப் பெண்ணின் கதையை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். பையனுக்குப் பத்தொன்பது வயது, டெலிவரி வேலை. ஐந்தாம் மாதம் வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. வாந்தி வந்தபோது பித்தம் என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்ததும் ஊருக்குக் கூட்டிப்போய்க் கோயிலில் தாலி கட்டி வைத்தார்கள். அதன் பிறகும் இரண்டு மாதம் ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம், "ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் வரும்" என்று யாரோ சொன்னதுதான். அப்படிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழ் உள்ள யாருடைய சம்மதமும் சம்மதமே இல்லை. விஷயம் தெரிந்த எவரும் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும், டாக்டரும்தான். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. 2019இல் தண்டனையை உயர்த்தினார்கள். பதினாறு வயது நிறைந்த பெண் விஷயத்தில் குறைந்தபட்சம் 10 ஆண்டு. ஆனால் அவள் கர்ப்பமானால் அது இன்னும் கடுமையான பிரிவுக்குப் போய்க் குறைந்தபட்சம் 20 ஆண்டு ஆகிவிடுகிறது. தாலி கட்டியிருந்தாலும் தப்பிக்க முடியாது. 18 வயதுக்குக் கீழ் உள்ள மனைவியோடு உறவு கொள்வதும் பாலியல் வன்முறையே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. கோயிலில் கட்டிய அந்தத் தாலியின் நிலையும் விசித்திரமானது. தமிழ்நாட்டில் குழந்தைத் திருமணம் என்பது, அந்தப் பிள்ளை பிற்பாடு நீதிமன்றம் போய்க் கேட்டால் ரத்தாகக்கூடிய திருமணம். கர்நாடகம் சட்டத்தைத் திருத்தி அதைத் தொடக்கத்திலிருந்தே செல்லாதது ஆக்கிவிட்டது. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சட்டம், இந்தப் பக்கம் ஒரு சட்டம். பஸ்ஸில் வந்து இறங்கும் குடும்பத்துக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

போக்சோ வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். வீட்டுக்குள்ளேயே மாமாவிடமும் சித்தப்பாவிடமும் சிக்கிக்கொண்ட பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே கதவு அதுதான். சில கர்ப்பங்கள் அப்படி வந்தவை என்பதையும் மறக்கக் கூடாது. பெண்ணைத் தனியே அழைத்து, அம்மா பக்கத்தில் இல்லாமல், "உன்னை யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?" என்று கேட்க வேண்டியது அதனால்தான். ஆனால் பதினேழும் பத்தொன்பதும் பழகியதையும் ஐம்பது வயதுக்காரன் செய்த கொடுமையையும் சட்டம் ஒரே தராசில் வைக்கும்போது, ஆஸ்பத்திரி வாசல் எல்லாருக்கும் சேர்த்து மூடிக்கொள்கிறது. 2023 பிப்ரவரியில் அஸ்ஸாமில் குழந்தைத் திருமணத்துக்காக ஆயிரக்கணக்கான பேரைக் கைது செய்தபோது, கர்ப்பிணிச் சிறுமிகள் ஆஸ்பத்திரிக்கு வரவே பயந்தார்கள் என்று செய்திகள் வந்தன.

நீதிமன்றங்கள் இந்தச் சிக்கலைப் பார்க்காமல் இல்லை. சம்மத வயதை மறுபடி யோசிக்கும்படி கர்நாடக உயர் நீதிமன்றத்தின் தார்வாட் அமர்வு 2022 நவம்பரில் சட்ட ஆணையத்தைக் கேட்டது. வயதைக் குறைக்க வேண்டாம், 16-18 வயது வழக்குகளில் தண்டனையை முடிவு செய்ய நீதிபதிக்கு இடம் கொடுக்கலாம் என்று ஆணையம் 2023 செப்டம்பரில் பதில் சொன்னது. 2025 மே மாதம் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், குற்றம் உறுதியான பிறகும் அந்த ஆளுக்குத் தண்டனை விதிக்காமல் விட்டது. நடந்ததைவிட, அதன் பிறகு போலீஸ், கோர்ட், குடும்பம் என்று அலைந்ததில்தான் அந்தப் பெண் அதிகம் நொந்துபோனாள் என்பதை நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம்விட நம் தெருக்களில் தெரிய வேண்டிய தீர்ப்பு 2022 செப்டம்பர் 29ஆம் தேதி வந்தது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவளுடைய பெற்றோரும் கேட்டுக்கொண்டால், டாக்டர் போலீஸுக்குத் தரும் தகவலில் அவள் பெயரையோ மற்ற அடையாளங்களையோ சொல்லத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 திருத்தத்துக்குப் பிறகு கருக்கலைப்புச் சட்டம் 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்தோடும், 18 வயது நிரம்பாதவர்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்களின் கருத்தோடும் அனுமதிக்கிறது. பெற்றோர் அல்லது பாதுகாவலரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். முதல் ஒன்பது வாரம் என்றால் டாக்டரின் மேற்பார்வையில் மாத்திரையிலேயே முடிந்துவிடும்.

இங்கேதான் என் பழைய பேச்சுக்குத் திரும்பி வருகிறேன். இந்தச் சட்டப் பாதுகாப்பு எல்லாம் வாரக் கணக்கில் இருக்கிறது. ஐந்தாம் மாதம் கண்டுபிடித்து, ஏழாம் மாதம் வருகிறவளுக்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை. பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று அவளை யாரும் கேட்கவே இல்லை. கேட்பதற்கான காலம் சுக்குக் கஷாயத்தில் கழிந்துவிட்டது. சீக்கிரம் சொன்னவர்களுக்கும் எல்லாம் நேராக நடப்பதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகாமல், சீட்டு இல்லாமல் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு, எத்தனை வாரம் என்றே தெரியாமல் ரத்தப்போக்கில் விழுந்து வருகிறார்கள்.

சொல்ல வார்த்தை இல்லாத வீடு

நம் வீடுகளில் இதற்கெல்லாம் பெயரே கிடையாது. "வீட்டுக்குத் தூரம்", "தலைக்குக் குளிச்சிட்டா", "நாள் தள்ளிப்போச்சு", "முழுகாம இருக்கா". எல்லாம் சுற்றி வளைத்துத் தொடாமல் போகும் சொற்கள். அந்தக் காலத்தில் கூட்டுக் குடும்பத்தில் அத்தையோ பாட்டியோ மாதக் கணக்கைப் பார்த்துக்கொள்வார்கள், அதனால் இந்தச் சொற்களே போதுமாக இருந்தது. பெங்களூரில் அம்மாவும் பெண்ணும் மட்டும்தான். பெண் படித்தது கன்னடத்திலோ இங்கிலீஷிலோ. 'பீரியட்ஸ்' என்பாள், பள்ளித் தோழிகளிடம் கன்னடத்தில் பேசிக்கொள்வாள். அம்மாவிடம் பேசுவதற்கு அவளிடம் தமிழும் இல்லை, தைரியமும் இல்லை. மூன்று மாதமாக நாப்கின் செலவாகவில்லை என்பதை அந்த வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. வேலைக்குப் போகும் அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பள்ளியிலும் இதே கதைதான். பத்தாம் வகுப்பு அறிவியலில் இனப்பெருக்கப் பாடம் இருக்கிறது. பூவின் மகரந்தம் பரீட்சைக்கு வரும், மனித உடம்புக்கு வந்ததும் "நீங்களே படிச்சுக்கோங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். 2007 வாக்கில் வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை எதிர்த்து நிறுத்திய மாநிலங்களில் கர்நாடகமும் ஒன்று. 2014 ஜனவரியில் வளரிளம் பருவத்தினருக்கான தேசிய நலத் திட்டம் தொடங்கியது. பல அரசு மருத்துவமனைகளில் 10-19 வயதினருக்குத் தனியாக ஆலோசனை தருகிறார்கள், கர்நாடகத்தில் 'ஸ்நேஹா கிளினிக்' என்று பெயர். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பக்கத்தில் நான் கேட்ட பதினைந்து இருபது பெண்களில் ஒருத்திகூட அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். போக்சோ தகவலில் பெயரை மறைக்கலாம் என்ற தீர்ப்பு, ஒவ்வொரு மகப்பேறு ஆஸ்பத்திரியிலும் சீட்டு எழுதும் இடத்துக்கு மேலே கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் எழுதி ஒட்டப்பட வேண்டும். பத்தாவதில் தவறிய பெண்களின் பட்டியல் பள்ளியிடம் இருக்கிறது, அங்கன்வாடி அக்காவுக்கும் தெருவே தெரியும். அந்த இரண்டு பேரும் பேசிக்கொண்டால் துணைத் தேர்வுக்குப் பணம் கட்ட வைக்க முடியும். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தால் கல்யாணத்தை நிறுத்துவார்கள் என்பது பலருக்குத் தெரியும். நிறுத்திய பிறகு அந்தப் பெண் எங்கே போவாள், என்ன படிப்பாள் என்பதற்குத்தான் ஆள் வேண்டும். பையன்களிடமும் பேச வேண்டும். அவர்களை ஒன்று ரோமியோவாகப் பார்க்கிறோம், இல்லை குற்றவாளியாகப் பார்க்கிறோம். காண்டம் எங்கே கிடைக்கும், பதினேழு வயதுப் பெண்ணோடு பழகினால் சட்டம் என்ன செய்யும் என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முப்பத்தைந்தாவது வாரத்தில் சிசேரியன். பெண் குழந்தை, ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம், பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி தகவல் கொடுத்தது, பையன் உள்ளே போனான், பிறகு ஜாமீனில் வந்தான். வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்கு அவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்கு இப்போது பல் வந்துவிட்டது. "ஆன்ட்டி, மூணாவது மாசமே சொல்லியிருந்தா போலீஸ் வந்திருக்காதா?" என்று கேட்டாள். தகவல் போயிருக்கும், ஆனால் உன் பேரைச் சொல்லாமல் போயிருக்கலாம், உனக்கு எது வேண்டும் என்று உன்னைக் கேட்டிருப்பார்கள், பிரஷரை அப்போதே பார்த்திருப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தங்கை எட்டாவது படிக்கிறாள், போன வருஷம்தான் அவளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. "ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டு வரேன், எனக்கு இப்ப சொன்னதெல்லாம் அவகிட்டயும் சொல்றீங்களா?" என்றாள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன். சரி என்றாள்.